அந்தத் தகரப் பெட்டியில் இருப்பது நிஜமான போர் விமானத் துண்டுகளா?

நீங்கள் கேட்டது இதுதான். ஏலத்தில் ஒரு தகரப் பெட்டி வாங்கியிருக்கிறீர்கள், ஒரு சிப்பாய் போரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நினைவுப்பொருட்கள் என்று விற்றவர் சொன்னாராம். உள்ளே மூன்று சாமான்: வண்ண அறுகோணங்கள் அச்சிட்ட கைக்குட்டை அளவுத் துணி (முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி ரெட் பேரனின் கடைசி விமானத்தில் வெட்டியது என்று ஒரு சீட்டு வேறு), ஒரு பக்கம் நீலமும் பச்சையுமாக மின்னும் அலுமினியத் துண்டு, கருப்பு முகப்போடு ஒரு விமானக் கருவி. இதெல்லாம் உண்மையா, எப்படிப் பாதுகாப்பது, இதே மாதிரி இன்னும் சேர்க்கத் தொடங்கலாமா என்பது கேள்வி.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெட் பேரன் சீட்டை மறந்துவிடுங்கள்.

ரெட் பேரன், அதாவது மான்ஃப்ரெட் வான் ரிக்தோஃபன், 1918 ஏப்ரல் 21 அன்று பிரான்சில் சோம் ஆற்றங்கரைப் பக்கம் விழுந்தபோது ஓட்டிக்கொண்டிருந்தது ஃபோக்கர் டிஆர் 1 என்ற மூவிறக்கை விமானம், எண் 425/17. அந்த ரக விமானத்துக்கு அறுகோணத் துணி போர்த்தியதே இல்லை. வெறும் லினன் துணி, மேல்பக்கம் ஆலிவ் நிறத்தைத் தூரிகையால் இழுத்துவிட்ட கோடுகள், அடிப்பக்கம் வெளிர் நீலம். அவருடைய விமானத்தில் இதற்கு மேல் சிவப்பு. ஆகவே உங்கள் துணி எந்த விமானத்தில் இருந்து வந்திருந்தாலும் அந்த விமானத்தில் இருந்து வரவில்லை. இத்தனைக்கும் கதையின் அடிப்படை பொய் கிடையாது. விமானம் ஓரளவு முழுசாகத்தான் தரையில் இறங்கியது, பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் ஆளுக்கொரு துண்டாக உரித்து எடுத்துவிட்டார்கள். இன்று அதன் என்ஜின் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில், இருக்கை டொராண்டோவில், கட்டுப்பாட்டுக் கோலும் விமானியின் காலணி ஒன்றும் கான்பெராவில். ஒரே விமானம் மூன்று கண்டங்களில் கிடக்கிறது. அதே விமானத்துத் துணி என்று சந்தையில் சுற்றுவதையெல்லாம் சேர்த்துத் தைத்தால் ஒரு படையணிக்கே இறக்கை போர்த்தலாம், அது தனிக்கதை.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருப்பது, ரிக்தோஃபனே இந்தப் பைத்தியம் பிடித்த ஆள் என்பதுதான். வீழ்த்திய விமானங்களின் எண்கள் எழுதிய துணியை வெட்டி எடுத்துவந்து ஷ்வைட்னிட்ஸ் ஊரில் இருந்த வீட்டில் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். ஒரு விமான என்ஜினையே கூரையில் தொங்கும் விளக்காக மாற்றியிருந்தார், பிரிட்டிஷ் விமானி லானோ ஹாக்கரின் இயந்திரத் துப்பாக்கியும் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு வெற்றிக்கும் பெர்லின் நகைக்கடையில் ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை செய்யச் சொல்வார், அறுபது கோப்பைக்குப் பிறகு வெள்ளித் தட்டுப்பாட்டால் அது நின்றுபோனது. அவருடைய வெற்றிகளின் மொத்தக் கணக்கு 80.

சரி, துணிக்கு வருவோம். ரெட் பேரன் இல்லை என்பதால் போலி என்று ஆகிவிடாது. 1917 முதல் ஜெர்மன் விமானங்களில் இந்த அறுகோணத் துணி பெருமளவில் வந்தது, நான்கு நிறத்திலும் ஐந்து நிறத்திலும் உண்டு. முக்கியமான விஷயம், அது பூசிய பெயிண்ட் இல்லை, சேலைத் துணியில் டிசைன் அச்சிடுவது மாதிரி இறக்கையில் போர்த்துவதற்கு முன்பே துணியில் அச்சிட்டது. அதனால் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நிறம் நூலுக்குள் இறங்கியிருக்க வேண்டும், நெசவு தெளிவாகத் தெரிய வேண்டும், பின்பக்கத்தில் அதே அறுகோணங்கள் மங்கலாகத் தெரிய வேண்டும். நிறம் நூலின் மேல் தோல் மாதிரி உட்கார்ந்து நெசவுக் குழிகளை அடைத்திருந்தால் பின்னால் யாரோ வரைந்தது. அச்சுக்கு மேல் டோப் என்கிற வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கும், துணியை விறைப்பாக்க அடிப்பது. நூறு வருஷத்தில் அது பழுப்பேறி, மடித்த இடத்தில் எல்லாம் விண்டுபோயிருக்கும்.

அந்த மடிப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சிப்பாய் எடுத்த துண்டுக்கு ஒரு அளவு உண்டு. பையில் போட வேண்டும், அல்லது கடிதத்தோடு உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். நாலாக மடித்த தடம், அந்த மடிப்புக் கோட்டில் மட்டும் டோப் உதிர்ந்து அழுக்கு ஏறியது, விளிம்பில் பேனாக்கத்தியால் அவசரமாக இழுத்த கோணல் வெட்டு, இதெல்லாம் நல்ல அறிகுறி. கத்தரிக்கோலால் அளவெடுத்து வெட்டிய சதுரம், நாலு மூலையும் கச்சிதமாக, மடிப்பே இல்லாமல் இருந்தால் கொஞ்சம் யோசிக்கணும். பெரிய துணியாக இருந்ததை வியாபாரிகள் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி விற்பதும் நடக்கிறது, அப்போது துணி நிஜமாக இருக்கும், கதை போய்விடும். அப்புறம் ஒரு புறஊதா டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள், செலவு அதிகமில்லை. இருட்டறையில் அடித்துப் பாருங்கள். துணியோ, தையல் நூலோ, அந்தச் சீட்டோ பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மைக்காகச் சேர்க்கும் நவீன ரசாயனம் இருக்கிறது, முதல் உலகப் போர்க் காலத்தில் அது கிடையாது. பழைய துணியைப் பிற்பாடு சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும் என்பதால் துணியை இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. சீட்டு ஒளிர்ந்தால் மட்டும் சந்தேகம் வேண்டாம், அது பின்னால் எழுதிச் செருகியது.

பொருளைத் தெரிந்துகொண்டால் கதை தானாக உடையும் என்பதற்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. 1916 செப்டம்பர் 3 அன்று லீஃப் ராபின்சன் என்ற விமானி இங்கிலாந்தில் கஃப்லி கிராமத்தின் மேல் ஒரு ஜெர்மன் வான்கப்பலைச் சுட்டு எரித்தார். எல்லோரும் அதைச் செப்லின் என்றே சொன்னார்கள், ஆனால் அது எஸ்எல் 11, ஷூட்டே-லான்ஸ் நிறுவனம் கட்டியது. அந்த நிறுவனத்தின் கப்பல்களுக்கு எலும்புக்கூடு மரத்தில். எரிந்து விழுந்ததில் பெரிதாக மிஞ்சியது கம்பிகள்தான். அந்தக் கம்பியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, அட்டையில் வைத்து, காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட செஞ்சிலுவைச் சங்கம் விற்றது. அந்த அட்டையோடு வரும் கம்பித் துண்டு இன்றும் சந்தையில் கிடைக்கிறது. ‘கஃப்லி செப்லினின் அலுமினியச் சட்டம்’ என்று யாராவது காட்டினால் சிரித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

உங்கள் அலுமினியத் துண்டுதான் மூன்றில் எனக்கு ஆர்வமானது. கண்ணாடித்தாள் போர்த்தின மாதிரி, அடியில் உலோகம் மின்ன மேலே நீலப்பச்சை என்று நீங்கள் சொல்வது அவோதாகே போலத் தெரிகிறது. ஜப்பானிய விமானங்களின் உள்பக்கத்தில் துரு ஏறாமல் இருக்க அடித்த ஒளி ஊடுருவும் வார்னிஷ் அது, பச்சை மூங்கில் என்று பெயருக்குப் பொருள். மற்ற நாட்டுக்காரர்கள் உள்ளே அடித்தது பெரும்பாலும் உலோகத்தை மறைக்கிற பூச்சு: அமெரிக்க விமானங்களில் மஞ்சள் கலந்த பச்சை, ஜெர்மன் விமானங்களில் ஆர்எல்எம் 02 என்ற சாம்பல் பச்சை. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஏதாவது முத்திரை, எண், எழுத்து இருக்கிறதா என்று பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஜப்பானியத் தகட்டில் 17 என்று தேதி இருந்தால் 1917 என்று எண்ணிவிட வேண்டாம், அது ஷோவா பேரரசரின் 17ஆம் ஆண்டு, அதாவது 1942. சிலவற்றில் 2602 என்பது போல இருக்கும், அது பேரரசு ஆண்டுக் கணக்கு, அதுவும் 1942தான். ஸீரோ என்ற ஜப்பானியப் போர் விமானத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இப்படித்தான், அது படையில் சேர்ந்த 1940 அவர்களுக்கு 2600, கடைசி இலக்கம் பூஜ்யம்.

மற்ற நாட்டுத் துண்டு கைக்கு வந்தாலும் எண்தான் பேசும். ஜெர்மன் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 உதிரிபாகங்களின் எண்ணில் 109 வரும், பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப காலப் பாகங்கள் 300 என்று தொடங்கும், அமெரிக்கத் தகட்டில் ஆல்கிளாட் 24எஸ்டி என்ற அலுமினிய வகைப் பெயரின் அச்சு வரிசையாக ஓடும்.

பசிபிக் போர்முனையில் இந்தத் தகடு பிடுங்கும் வேலை ஒரு ராணுவத் தலைவலியாகவே இருந்தது. விழுந்த ஜப்பானிய விமானங்களின் உற்பத்தி எண்ணும் தேதியும் இருந்தால் எந்தத் தொழிற்சாலை மாதத்துக்கு எத்தனை கட்டுகிறது என்று கணக்குப் போடலாம், அதற்காகவே நேச நாட்டு உளவுப் பிரிவு பெயர்த்தகடுகளைத் தேடிச் சேர்த்தது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நினைவுப்பொருள் தேடும் சிப்பாய்கள் ஸ்க்ரூட்ரைவரோடு முந்திக்கொண்டிருப்பார்கள். தேவை அதிகமானால் போலி வராமல் இருக்குமா? அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவுக்காரர்கள் பாராசூட் துணியிலும் கிடைத்த துணியிலும் ஜப்பானியக் கொடி தயாரித்து, போர்முனையைப் பார்க்காத மாலுமிகளுக்கும் விமானப்படைக்காரர்களுக்கும் விற்றிருக்கிறார்கள். அதனால், தாத்தா நேரில் கொண்டுவந்தார் என்று குடும்பம் சத்தியம் செய்யும் பொருளும் போலியாக இருக்கலாம், யாரும் பொய் சொல்லாமலேயே.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. துணி 1918 காலத்தது, உலோகம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது, அதுவும் உலகத்தின் எதிர் மூலையில் இருந்து. இரண்டையும் ஒரே சிப்பாய் கொண்டுவந்திருக்க முடியாதா என்றால் முடியும், இரண்டு போரிலும் இருந்தவர்கள் உண்டு. ஆனால் விற்பவர் மூன்று இடத்தில் வாங்கியதை ஒரு பழைய பெட்டிக்குள் போட்டு ஒரு ஆளின் கதையாக்குவது அதைவிட அதிகம் நடப்பது. பெட்டியில் பெயர், கடிதம், படம், ராணுவத் தாள் எதுவுமே இல்லை என்பது என்னை அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் போர்ப்பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மேலதிகாரி கையெழுத்திட்ட சான்று வேண்டியிருந்தது, படிவம் 33 என்று ஒன்று உண்டு. அந்தத் தாளோடு வரும் சாதாரண உதிரிபாகத்தை, தாள் இல்லாத அழகான பொருளைவிட அதிகம் கொடுத்து வாங்க நான் தயங்கமாட்டேன்.

தாளின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு முட்டாள்தனத்துக்குப் பிறகு. சேர்க்க ஆரம்பித்த புதிதில், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜெர்மன் விமானத் தகடு கிடைத்தது. மூன்று பக்கம் தகர வெட்டியால் நறுக்கியது, நாலாவது பக்கம் ரிவெட் வரிசையோடு கிழிந்தது. சாம்பல் நிறமாக மங்கியிருந்ததால் மெட்டல் பாலிஷ் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. அதற்கு ஒரு மாதம் கழித்து, விற்றவர் முதலில் அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மூலையில் பென்சிலால் ஒரு தேதியும் ஒரு ஊர்ப் பெயரும் எழுதியிருந்திருக்கிறது. ஊர்ப் பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும் படத்தில் வாசிக்க வருகிறது. தகட்டில் எதுவும் இல்லை. அதை இன்னும் வைத்திருக்கிறேன், பளபளவென்று.

எனவே எதையும் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பற்றி நினைக்கவே வேண்டாம். துணியை விரித்து, அமிலம் கலக்காத தாளுக்கு நடுவே படுக்க வையுங்கள், வெயிலும் சூடும் ஆகாது. டோப்பில் ஒரு வகை நைட்ரேட் சேர்ந்தது, சீக்கிரம் தீப்பிடிக்கும். உலோகத்துக்கு ஈரம்தான் எதிரி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். வெள்ளைப் பொடி பூக்க ஆரம்பித்தால், அதுவும் கடலிலோ மண்ணிலோ கிடந்த துண்டாக இருந்தால், வீட்டு வைத்தியம் செய்யாமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். 2013இல் இங்கிலாந்துக் கடலடியில் இருந்து தூக்கிய டோர்னியர் 17 என்ற ஜெர்மன் விமானத்தின் மேல் நீர்த்த சிட்ரிக் அமிலத்தை நாள் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில் தெளித்துத்தான் உப்பை இறக்கினார்கள்.

இப்போது அந்தக் கருவி. இதைக் கவனமாகப் படியுங்கள். அந்தக் காலத்து விமானக் கருவிகள் பலவற்றில் முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த ஒளிரும் பூச்சு இருக்கும். இருட்டில் வைத்துப் பார்த்தேன், ஒளிரவில்லை, அதனால் ரேடியம் இல்லை என்று பலர் சொல்வார்கள். தப்பு. ஒளிர்வது ரேடியத்தோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு, அது சில பத்தாண்டுகளில் செத்துவிடும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு, அது அப்படியே இருக்கிறது. கண்ணாடி முழுசாக இருந்து, கருவி மூடியபடி காற்றோட்டமான அலமாரியில் இருந்தால் பெரிய பயம் இல்லை. ஆபத்து, திறந்து சுத்தம் செய்கிறேன் என்று உட்காரும்போது வருகிறது. பூச்சு பொடிந்து தூசியாகி மூச்சில் போகும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் வேண்டாம், ஒரே அறையில் இருபது முப்பது சேர்ப்பதும் வேண்டாம், ரேடான் வாயு கசியும்.

அது நினைவுப்பொருளா என்பது வேறு விஷயம். போர் முடிந்ததும் பயன்படுத்தாத கருவிகள் டன் கணக்கில் உபரியாக விற்கப்பட்டன. ஸ்க்ரூ தலையில் கீறலே இல்லாமல், பின்புறக் குழாய் இணைப்பு புதுசாக இருந்தால் உங்களுடையதும் ஏறக்குறைய நிச்சயமாக அந்த வகை, எந்த விமானத்திலும் ஏறியிருக்காது. ஜெர்மன் கருவியென்றால் எஃப்எல் என்று தொடங்கும் ஐந்திலக்க எண்ணைத் தேடுங்கள், பிரிட்டிஷ் கருவியில் கிரீடத்துக்குக் கீழே ஏஎம் என்ற எழுத்தும் 6ஏ என்று தொடங்கும் கிடங்கு எண்ணும் இருக்கும்.

இன்னும் சேர்க்கலாமா? தாராளமாக, ஆனால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு. போர்க்காலத்திலேயே கைமாறி வீட்டுக்கு வந்தது ஒரு ரகம், இன்று யாரோ மண்ணைத் தோண்டி எடுத்தது இன்னொரு ரகம். பிரிட்டனில் ராணுவ விமானம் விழுந்த இடம் எல்லாமே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒரு ரிவெட்டைக்கூட எடுக்கக் கூடாது. பாப்புவா நியூ கினியில் போர்க்கால விமானங்கள் அரசுச் சொத்து, வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். அமெரிக்கக் கடற்படை தன் விமானம் எந்தக் கடலில் எத்தனை வருஷம் கிடந்தாலும் உரிமையை விடுவதில்லை. தோட்டா, சிக்னல் வெடி, ஆக்சிஜன் சிலிண்டர், தீயணைப்புக் குப்பி மாதிரியானவற்றைத் தொடவே வேண்டாம், எண்பது வருஷம் ஆனதால் வெடிமருந்து செத்துவிட்டது என்று நம்பினவர்கள் கை போயிருக்கிறது.

சட்டத்தைத் தாண்டி என்னைத் தோண்டியெடுத்த பொருளிலிருந்து விலக வைத்தது வேறொன்று. 1943 முதல் அமெரிக்க விமானப்படை, காணாமல் போன ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு அறிக்கை எழுதியது. விமானிகள் பெயரோடு என்ஜின்களின் எண்ணும் இயந்திரத் துப்பாக்கிகளின் எண்ணும் அதில் வரிசையாக இருக்கும். காட்டுக்குள் ஒரு சிதிலம் கிடைத்தால், வால் எண் அழிந்துபோயிருந்தாலும், ஒரு துப்பாக்கி எண் போதும், அது எந்த விமானம், யார் யார் அதில் இருந்தார்கள் என்று கண்டுபிடிக்க. அந்த எண் உள்ள தகட்டை யாரோ ஒருவர் அலமாரிக்காகப் பிடுங்கிப் போய்விட்டால் நாலைந்து குடும்பங்களின் பதில் அந்த அலமாரியில் பூட்டிக்கிடக்கும். எண் உள்ள தகடு எதை வாங்கினாலும், வாங்கிய கையோடு அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

பணம் கையைக் கடிக்காமல் தொடங்க வேண்டுமென்றால் சிப்பாய்கள் கையால் செய்த சாமான்களைப் பாருங்கள். விமான அலுமினியத்தில் அடித்த மோதிரம், காக்பிட் மூடியின் பெர்ஸ்பெக்ஸை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தேய்த்துச் செய்த இதய வடிவப் பதக்கம், வியட்நாமில் வீழ்த்திய அமெரிக்க விமானங்களின் உலோகத்தில் அறுத்த சீப்பு. எந்த விமானம் என்று நிரூபிக்கவே முடியாது, அதனால் விலை ஏறாது, பொய் சொல்லி விற்பதிலும் பெரிய லாபம் இல்லை. எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம். ஒரு பெர்ஸ்பெக்ஸ் இதயத்தைத் திருப்பிப் பார்த்தால் மணல்தாள் கீறல் ஒரே திசையில் ஓடுவது தெரியும், வேலை இல்லாத ஒரு மத்தியான நேரம் முழுக்க அதில் இருக்கும்.

துணியின் பின்பக்கத்தையும் ஒரு மடிப்பு மூலையையும் நூல் தெரிகிற அளவுக்குக் கிட்ட வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். அலுமினியத் துண்டின் நாலு விளிம்பையும் தனித்தனியாக. கருவியைப் பின்பக்கம் மட்டும் எடுத்தால் போதும், மூடியைக் கழற்றாமல்.